நாலு ஊசியும் ஒரு யானையும்

நெடுங்கேணி ஆசுபத்திரியில் மருந்து கொடுக்கும் தயாபரன் ஒரு மில்லிலீற்றர் பிசகாத மனிதன். இருமல் பாணி மருந்தை அளக்கும்போது அளவுக் குவளையைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, ஒரு கண்ணை மூடி, மூச்சையும் பிடித்துக்கொண்டுதான் ஊற்றுவான். வரிசையில் நிற்பவர்களும் அவன் மூச்சு விடும்வரை தாங்களும் அடக்கிக்கொண்டு நிற்பார்கள். இருமல்காரர்களுக்கு அது பெரும்பாடு. அப்படிப்பட்டவன் தன்னுடைய காருக்குப் பெற்றோல் கொடுக்கும் விஷயத்தில் மட்டும் எப்படி அளவு தப்பினான் என்பதை ஊரில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரிச் சொல்லித் திரிகிறார்கள்.

அந்தக் கார் ஜப்பானில் செய்தது; எஞ்சினுக்குள் காற்றை ஊதித் தள்ளுகிற டேர்போ பூட்டிய கார். சிவப்பு நிறம். வவுனியாவில் ஒருவர் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் கைவிட்டு வைத்திருந்ததை வாங்கிவந்து, ஐந்து வருடங்களாக ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் ஊட்டி வளர்த்திருந்தான். காலை அழுத்தினால் டேர்போ சீழ்க்கை அடிக்கும். அதனால் ஊரில் அதற்கு விசில் கார் என்று பெயர். மனைவி கௌசலா ஆரம்பப் பிரிவு ஆசிரியை. தினமும் முப்பத்தெட்டுப் பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பவள். அவள் அந்தக் காரை "உங்கட மூத்த தாரம்" என்றுதான் சொல்வாள்.

போன வருடம் தயாபரன் பழைய டேர்போவைக் கழற்றிவிட்டுப் பெரியதொன்றைப் பூட்டினான். பூட்டிய பிறகு கார் ஒரு வேகம் வரைக்கும் பாய்ந்து போகும்; அதற்குமேல் அழுத்தினால் சோறு தொண்டையில் அடைத்தவன் மாதிரித் திணறும். அதைக் கொண்டுபோய் ஒட்டுசுட்டான் வீதியில் இருந்த பிரேமிளாவின் கராஜில் காட்டினான்.

பிரேமிளாவுக்கு முப்பத்திரண்டு வயது. தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து காட்டோரம் குடியேறிய குடும்பம். கொழும்பில் பெரிய கராஜ் ஒன்றில் ஆறு வருடம் வேலைசெய்து, பிறகு ஊருக்கு வந்து சொந்தமாகத் தகரக் கொட்டகை போட்டவள். ஒரு காரைப் பார்க்கும்போது அவள் அதனுடைய சொந்தக்காரனைப் பார்க்கவே மாட்டாள். பொனட்டுக்குள் தலையை வைத்தபடியே பேசுவாள்.

"காத்து கூடிப் போச்சு அண்ணே. பெற்றோல் பத்தல," என்றாள். "சின்ன டேர்போவுக்குப் போட்ட இன்ஜெக்டர்தானே இன்னும் இருக்கு. நாலையும் பெருசா மாத்தணும். பெற்றோல் வர்ற லைனும் பெருசாகணும். அதுக்குப் பிறகு காரோட கொம்பியூட்டருக்கும் புதுக் கணக்குச் சொல்லிக் குடுக்கணும். இல்லாட்டி அது பழைய நினைப்புல ஊத்திக்கிட்டே இருக்கும்."

இன்ஜெக்டர் என்றால் எஞ்சினுக்குள் பெற்றோலைப் பனிபோலப் பீச்சுகிற, விரலளவு நீளமான ஒரு குழாய். தயாபரன் அதை ஊசி என்றே சொன்னான். அவனுடைய தொழிலுக்கு அந்தச் சொல்தான் பழக்கம். வீட்டுக்கு வந்து கனடாவில் இருக்கும் சகலனுக்குப் போன் எடுத்து, "நாலு ஊசியும் மாத்த வேணும், நீங்கள்தான் வாங்கி அனுப்ப வேணும்," என்று அவன் சொன்னதை வேலிக்கு அப்பால் யாரோ கேட்டிருக்க வேண்டும். அடுத்த நாள் சீனி வருத்தத்துக்கு மருந்தெடுக்க வந்த ராக்காயி, குரலைத் தாழ்த்தி, "ஐயா, கனடாவுல இருந்து வர்ற அந்த ஊசியில ஒண்ணு எனக்கும் போடுவீங்களா," என்று கேட்டாள்.

பார்சல் மார்கழிக் கடைசியில் வந்தது. நாலு இன்ஜெக்டர், ஒரு பெற்றோல் பம்பி, துணி பின்னிய கறுப்புக் குழாய் சில முழம். பிரேமிளாவிடம் காட்டினான். அவள் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்ல சாமான். வச்சிருங்க," என்றாள். "புதுக் கொம்பியூட்டர் பெட்டிக்குக் கொழும்புல சொல்லியிருக்கேன். ரெண்டு கிழமை ஆகும். வந்ததும் எல்லாத்தையும் சேர்த்துப் பூட்டலாம். அதுக்கு முன்னாடி கைய வைக்காதீங்க அண்ணே."

"சீச்சீ, நான் ஏன் வைக்கிறன்," என்றான் தயாபரன்.

மூன்றாம் நாள் வைத்துவிட்டான்.

முதலில் அளந்து மட்டும் பார்க்கலாம் என்றுதான் தொடங்கினான். வீட்டில் இருந்த நாலு மருந்துக் குவளைகளைக் குசினி மேசையில் வரிசையாக வைத்து, புதுப் பம்பியையும் கார் பற்றரியையும் பொருத்தி, ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் இன்ஜெக்டரைப் பீச்சவிட்டு, நாலும் ஒரே அளவு ஊற்றுகின்றனவா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்தான். ஒரு துளி வித்தியாசம் இல்லை. அவனுக்கு மெய் சிலிர்த்தது. கௌசலாவுக்குப் பெற்றோல் மணத்தில் தலை இடித்தது.

"இஞ்சாருங்கோ, இது அடுப்பெரியிற இடம். கொளுத்திக்கொண்டு சாகவே நிக்கிறியள்?"

"அடுப்பை நிப்பாட்டிப்போட்டுத்தானே செய்யிறன்."

"அப்ப இரவைக்குச் சாப்பாடு பெற்றோல்தான்," என்று சொல்லிவிட்டு அவள் திருத்தவிருந்த பிள்ளைகளின் கொப்பிகளைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டாள்.

அளந்து பார்த்தவனுக்குப் பூட்டாமல் இருக்க முடியவில்லை. சனி முழுதும் ஞாயிறு முழுதும் காருக்குக் கீழே கிடந்தான். கறுப்புக் குழாயை அழகாக வளைத்துக் கொண்டுவர வேண்டும் என்ற ஆசையில் வெட்டியதில், கடைசியில் இரண்டடி போதாமல் போயிற்று. மருந்தளக்கிற கைக்கு முழம் அளக்கத் தெரியவில்லை என்பதை அவன் யாரிடமும் சொல்ல விரும்பவில்லை. மீன் தொட்டிக்கு வாங்கி மிச்சமிருந்த கண்ணாடிபோன்ற பிளாஸ்ரிக் குழாயை அந்த இரண்டடிக்கும் போட்டு முறுக்கிவிட்டான். பெற்றோல் ஓடுவது வெளியே தெரியும், அதுவும் ஒரு வசதிதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

திங்கள் பின்னேரம் ஐந்தரை மணிக்கு, வாய்க்கால் கட்டு வரைக்கும் போய்த் திரும்பலாம் என்று காரை எடுத்தான். பிரேமிளா சொன்னது சொன்னபடி நடந்தது. காரின் பழைய கொம்பியூட்டர் பழைய நினைப்பில் பெரிய ஊசிகளைத் திறந்துவிட, எஞ்சினுக்குள் பெற்றோல் வெள்ளமாகப் போயிற்று. பின்னால் கறுப்புப் புகை கிளம்பியது. கார் ஒரு சொகுசான அசைவோடு, தண்ணி போட்டவன் மாதிரி, காட்டோர வீதியில் போயிற்று.

வாய்க்கால் கட்டில் வீரகத்தியர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார். அறுபத்தைந்து வயது, ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்பின் தலைவர், விசில் காரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லியறியாதவர்.

"தம்பி, அங்கால போகாதையும். மூண்டு நிக்குது."

காட்டுக்கும் அவருடைய வயலுக்கும் இடையே மூன்று யானைகள் நின்றன. மாரிமழைக்கு விதைத்த காலபோக நெல் பால் பிடித்து நின்ற நேரம். யானைகளை விரட்டக் கொளுத்தும் யானை வெடி முடிந்து ஒரு கிழமையாகிவிட்டது, புதிது இன்னும் வரவில்லை என்று வீரகத்தியர் சொன்னார். சொல்லும்போதே ஒரு யானை வரம்பைத் தாண்டி உள்ளே கால் வைத்தது. கிழவரின் முகம் செத்துப்போயிற்று.

தயாபரன் அவசரமாகக் காரைத் திருப்பினான். திருப்பும்போது பயத்தில் காலை நன்றாக அழுத்தி, பிறகு திடீரென்று எடுத்தான். எரியாமல் சைலன்சருக்குள் போய்ச் சேர்ந்திருந்த பெற்றோல் எல்லாம் ஒரேயடியாகப் பற்றியது. ஒரு முழ நீளத்துக்கு நெருப்பு வெளியே வந்தது. கூடவே வந்த சத்தத்தில் வீரகத்தியர் வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டார். யுத்த காலத்தில் ஷெல் சத்தத்துக்குப் பதுங்கிப் பழகிய கால்கள், அவரைக் கேட்காமலே இறங்கின.

தலையைத் தூக்கிப் பார்த்தபோது மூன்று யானைகளும் வாலை நிமிர்த்திக்கொண்டு காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தன.

வீரகத்தியர் நனைந்த சாரத்தோடு மேலே ஏறி வந்து, காரின் பின்பக்கத்தைச் சுற்றிப் பார்த்து, சைலன்சரைக் கும்பிடுகிற மாதிரிக் குனிந்து பார்த்தார்.

"தம்பி, இன்னொருக்கால் செய்யேலுமோ?"

செய்ய முடிந்தது. மறுநாளும் செய்ய முடிந்தது. புதன்கிழமை கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில், அறுவடை முடியும்வரை மருந்தாளரின் காரைத் திருத்தக் கூடாது என்று தீர்மானம் நிறைவேறியது. முன்மொழிந்தவர் வீரகத்தி, வழிமொழிந்தவர் பதினொரு பேர். காரின் சொந்தக்காரனை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவனுக்கு நடுவில் கதிரை போட்டிருந்தார்கள், முதல் தேத்தண்ணீர் அவனுக்குத்தான் வந்தது. ஐந்து வருடமாக அந்தக் காரைப் பார்த்துச் சிரித்த ஊர் அது. தயாபரன் தேத்தண்ணீரை மெல்ல மெல்லக் குடித்தான்.

அதன்பிறகு அவனுக்குக் கால் நிலத்தில் படவில்லை. தினமும் வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு ஐந்தரைக்கு வெளிக்கிடுவான். வாய்க்கால் கட்டில் இருபது முப்பது பேர் காத்திருப்பார்கள். போத்தல்களில் பெற்றோல் கொண்டுவந்து வைத்திருப்பார்கள். அவன் காரின் பின்பக்கத்தைக் காட்டுக்குக் காட்டி நிறுத்தி, கண்ணாடியில் பார்த்துக்கொண்டே காலை அழுத்தி எடுப்பான். ஆசுபத்திரியில் மருந்து வாங்குகிறவர்கள், "நேற்று நாலு வெடி கேட்டது, நல்ல திறம்," என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த நாட்களில் இருமல் பாணியின் அளவு சரியாகத்தான் இருந்தது. குவளையைப் பிடித்த கை மட்டும் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

ஆறாம் நாள் பிரேமிளா போன் எடுத்தாள். "அண்ணே, பெட்டி வந்திருச்சு. காரைக் கட்டி இழுத்துக்கிட்டு வாங்க. ஓட்டிக்கிட்டு வராதீங்க. ஊரே கதைக்குது, எனக்கு எல்லாம் தெரியும்."

"அறுவடை முடியட்டும் தங்கச்சி. சனங்களின்ர சாப்பாடு."

"சரி. பெற்றோல் மணம் வருதா?"

"கொஞ்சம் வருது."

"கொஞ்சமும் வரக்கூடாது. என்ன குழாய் போட்டீங்க?"

"நீங்கள் பாத்த குழாய்தான்," என்றான். பெரும்பகுதி அதுதான் என்பதால் அது பொய் இல்லை என்று அவனுக்குப் பட்டது. ஆனாலும் போனை வைத்தபிறகு கை கழுவவேண்டும் போலிருந்தது. காருக்குள் மணம் கூடிக்கொண்டுதான் வந்தது. கௌசலா அவனுடைய சேட்டுகளைத் தனிக் கூடையில் போடத் தொடங்கியிருந்தாள்.

எட்டாம் நாள் பின்னேரம் யானைகள் நேரத்தோடு வந்துவிட்டன. வழக்கமான மூன்றும் காட்டோரம் நின்றன. அவற்றுக்குப் பின்னால், இதுவரை வராத ஒரு கொம்பில்லாத ஆண் யானை, லொறி மாதிரி நின்றது. தயாபரன் பின்பக்கத்தைக் காட்டினான், அழுத்தினான், எடுத்தான். சத்தம் நன்றாகவே கேட்டது. மூன்று யானைகளும் ஓரடி பின்வாங்கின. பெரியது காதை ஒருமுறை விசிறியது. தயாபரன் இரண்டாவது தடவை போட்டான். அது காதைக்கூட விசிறவில்லை. எட்டு நாளாகக் காட்டுக்குள் நின்று கேட்டு, இந்தச் சத்தத்துக்குப் பின்னால் ஒன்றும் இல்லை என்பதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். வரம்பு வழியே காரை நோக்கி நடந்து வரத் தொடங்கியது.

மூன்றாவது தடவை அழுத்தியபோது கார் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுபோயிற்று.

தயாபரன் சாவியைத் திருப்பினான். திரும்பத் திரும்பத் திருப்பினான். கண்ணாடியில் யானை பெருத்துக்கொண்டே வந்தது. வாய்க்கால் கட்டில் நின்ற முப்பது பேரையும் தேடினான். ஒரு செருப்பும் இரண்டு போத்தலும்தான் நின்றன. தூரத்தில் வீரகத்தியரின் குரல் மட்டும், "இறங்காதையும் தம்பி, உள்ளுக்கை இரும்," என்றது. அது எந்த மரத்திலிருந்து வந்தது என்று தெரியவில்லை.

போனை எடுத்துப் பிரேமிளாவை அழைத்தான்.

"தங்கச்சி, கார் நிண்டுட்டுது."

"எங்க அண்ணே?"

"வீரகத்தி அண்ணையின்ர வயலடியில. பின்னால யானை நிக்குது."

"எத்தனை?"

"ஒண்டு. பெரிசு."

"பயப்படாதீங்க. பெற்றோல் கூடிப்போய் பிளக் நனைஞ்சிருக்கும். அக்சிலேட்டரை அடிமட்டத்துக்கு மிதிங்க. மிதிச்சபடியே சாவியைத் திருப்புங்க. அப்ப பெற்றோல் நிக்கும், காத்து மட்டும் போகும்."

மிதித்தான், திருப்பினான். எஞ்சின் மூன்று சுற்று முனகியது, பிறகு இரண்டு, பிறகு ஒரு சொடக்குச் சத்தம்.

"பற்றரியும் இறங்கிட்டுது."

"அப்ப யாராச்சும் தள்ளணும் அண்ணே."

"இஞ்ச ஒருத்தரும் இல்லை," என்றபோது கார் மெல்ல அசைந்தது. தயாபரன் கண்ணாடியைப் பார்த்தான். கண்ணாடி முழுக்கச் சாம்பல் நிறத் தோல். அதில் சுருக்கங்களையும் நாலைந்து மயிர்களையும் எண்ணக்கூடியதாக இருந்தது. யானை நெற்றியைக் காரின் டிக்கி மூடியில் வைத்துச் சாய்ந்திருந்தது. தகரம் உள்ளே போகும் சத்தம் கேட்டது.

"தங்கச்சி, தள்ளுது."

"யாரு?"

"அதுதான்."

பிரேமிளா ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. "கிளச்சை மிதிங்க. ரெண்டாவது கியரைப் போடுங்க. அக்சிலேட்டர்ல இருந்து காலை எடுக்காதீங்க. வேகம் வந்ததும் நான் சொல்லும்போது கிளச்சை விடுங்க."

வாய்க்கால் கட்டிலிருந்து வீதிக்கு இறங்குகிற இடம் நல்ல சரிவு. யானைக்குக் காரை ஸ்டார்ட் பண்ணும் எண்ணம் ஒன்றும் இருந்திருக்காது. எட்டு நாளாகத் தன் சாப்பாட்டைக் கெடுத்த இந்தச் சாமானைத் தன் வழியிலிருந்து அகற்றுவதுதான் அதன் நோக்கம். ஆனால் அது தள்ளியது முறையான தள்ளல். நாலு ஆம்பிளைகள் ஒருநாளும் அவ்வளவு சீராகத் தள்ளியதில்லை. கார் உருண்டது, பிறகு ஓடியது.

"இப்ப விடுங்க," என்றது போன்.

கார் ஒருதரம் குதித்தது, இரண்டுதரம் குதித்தது, மூன்றாம் குதியில் எஞ்சின் பற்றியது. சைலன்சருக்குள் தேங்கிக் கிடந்த அவ்வளவும் ஒன்றாக வெடித்தது. நெற்றிக்குக் கீழே அந்தச் சத்தத்தை அந்த யானை எதிர்பார்க்கவில்லை. அது வந்த வழியே, மற்ற மூன்றையும் இடித்துக்கொண்டு காட்டுக்குள் போனதைப் பார்த்ததாக மரத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். தயாபரன் பார்க்கவில்லை. அவன் கராஜ் வரைக்குமான நாலு கிலோமீற்றரையும் இரண்டாவது கியரிலேயே ஓடி, வழிநெடுக வெடித்துக்கொண்டு, பிரேமிளாவின் கொட்டகைக்குள் போய்த்தான் நின்றான்.

இறங்கியதும் சிரித்தான். சிரிப்பு அவனாக நிறுத்தமுடியாத சிரிப்பாக இருந்தது. "தங்கச்சி, யானை தள்ளி ஸ்டார்ட் பண்ணின கார் உலகத்தில இது ஒண்டுதான்."

பிரேமிளா சிரிக்கவில்லை. பொனட்டைத் திறந்து, தலையை உள்ளே விட்டாள். பிறகு முதல் தடவையாகத் தலையை வெளியே எடுத்து அவனுடைய முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"இது என்ன அண்ணே?"

அந்த இரண்டடிக் குழாய் மஞ்சளாகிக் கிடந்தது. அவள் கிளிப்பைத் தளர்த்தி அதைக் கழற்றி, அவன் கண்ணுக்கு முன்னால் பிடித்து மெல்ல வளைத்தாள். காய்ந்த முருங்கைக்காய் மாதிரி முறிந்தது. முறிந்த இடத்திலிருந்து ஒரு துளி பெற்றோல் கீழே விழுந்தது. அதற்கு நேர்கீழே, எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் இரும்புக் குழாய். அதன் சூட்டை எட்டி நின்றே உணர முடிந்தது. துளி சுள்ளென்று ஆவியாகிப் போயிற்று.

"இதை மாதிரி எத்தனை துளி விழுந்திருக்கும்னு நினைக்கிறீங்க? யானைகிட்ட இருந்து தப்பிட்டேன்னு சிரிக்கிறீங்க. எட்டு நாளா நீங்க உக்காந்திருந்தது இதுக்குப் பக்கத்துல."

தயாபரன் அங்கே கிடந்த பழைய ரயரில் உட்கார்ந்தான். முந்தாநாள் கௌசலாவை இதே காரில் சந்தைக்கு ஏற்றிப் போனது நினைவுக்கு வந்தது. பின் இருக்கையில் அவள் கொப்பிகளை வைத்திருந்தாள், முப்பத்தெட்டுக் கொப்பிகள்.

"ஆசுபத்திரியில, இருக்கிற மருந்துல பாதியும் வேற எதுலயாவது பாதியும் கலந்து குடுப்பீங்களா?" என்று கேட்டாள் பிரேமிளா. குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

"இல்லை," என்றான். முறிந்த துண்டைப் பார்த்துக்கொண்டு, "நான் குழாயை அளவாய் வெட்டேல்லை தங்கச்சி. அதைச் சொல்ல வெக்கமாய் இருந்தது," என்றான்.

"அதைச் சொல்லியிருந்தா நான் நாலு முழம் எடுத்துத் தந்திருப்பேன்," என்றுவிட்டு அவள் மறுபடி உள்ளே தலையை விட்டாள்.

கார் ஆறு நாள் அங்கே நின்றது. பிரேமிளா தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே குழாயாக, சூடுபடாத பக்கத்தால் சுற்றிக் கொண்டுவந்து பூட்டினாள். வெட்டும்போது அவனையும் பக்கத்தில் நிறுத்தி மூன்று தடவை அளக்கவைத்தாள். ஞாயிறு காலையில் புதிய பெட்டியைப் பொருத்தி, லப்டொப்பை மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் ஏறினாள். புளியங்குளம் வீதியில் அவன் ஓட்ட, அவள் திரையைப் பார்த்துக் கொஞ்சம் கூட்டினாள், கொஞ்சம் குறைத்தாள். "இப்ப மிதிங்க," என்றாள். மிதித்தான். கார் எந்தச் சத்தமும் இல்லாமல், எந்தத் திணறலும் இல்லாமல், முதுகை இருக்கையோடு ஒட்டவைத்துக்கொண்டு போயிற்று. சீழ்க்கை மட்டும் மெல்லிசாகக் கேட்டது. தயாபரனுக்குக் கண் கலங்கியது. "வீதியைப் பாருங்க அண்ணே," என்றாள் அவள்.

வீரகத்தியர் ஒரு கிழமைக்கு அவனோடு கதைக்கவில்லை. தீர்மானத்தை மீறிய குற்றம். ஆனால் யானை வெடி இரண்டு பெட்டி வந்து சேர்ந்தது, அதற்குப் பிறகு நெல் வெட்டு மெசினும் வந்தது. யானைகளால் அவருக்குப் போனது வரம்போரத்தில் கால் ஏக்கர்தான். பிறகு ஒருநாள் அவர் தன்னுடைய லாண்ட்மாஸ்டர் என்ற இரண்டு சக்கர உழவு இயந்திரத்தைப் பிரேமிளாவின் கராஜுக்கு உருட்டிக்கொண்டு போய், "பிள்ளை, இதுக்கும் அந்த ஊசி பூட்டேலுமோ," என்று கேட்டதாகவும், அவள் பதில் சொல்லாமல் பிளாஸ்ரிக் குழாயின் முறிந்த துண்டை எடுத்துக் காட்டியதாகவும் கேள்வி.

தை முடிவில் தயாபரன் டிக்கி மூடியைத் திருத்துவதற்காக வவுனியாவுக்குக் காப்புறுதி அலுவலகத்துக்குப் போனான். கௌசலாவும் கூடப் போனாள். என்ன சொல்லப்போகிறான் என்று பார்க்கத்தான் வந்ததாகச் சொன்னாள். கண்ணாடிக்குப் பின்னால் சுரேகா என்ற பெண் இருந்தாள். படிவத்தை எடுத்துப் பேனையைத் திறந்தாள்.

"விபத்து எப்பிடி நடந்தது?"

"பின்னால வந்து முட்டினது."

"மற்ற வாகனத்தின்ர இலக்கம்?"

"இலக்கம் இல்லை. யானை."

சுரேகா நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்தப் பக்கத்து அலுவலகத்தில் யானை புதிதல்ல. "வாகனம் ஓடிக்கொண்டிருக்கேக்கையோ, நிண்டுகொண்டிருக்கேக்கையோ?"

தயாபரன் யோசித்தான். பொய் சொல்லக்கூடாது என்று இந்த மாதம் உறுதி எடுத்திருந்தான். "முட்டேக்க நிண்டது. முட்டி முடியேக்க ஓடினது."

"அது எப்பிடி?"

கௌசலா கைப்பையால் வாயை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. தயாபரன் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, "பிள்ளை, அதுக்கு முதல் நீங்கள் இன்ஜெக்டர் எண்டால் என்னெண்டு விளங்கிக்கொள்ள வேணும்," என்று தொடங்கினான். சுரேகா பேனையை மூடி வைத்தாள்.